இருபத்திரண்டு அங்குலக் கட்டில்

உள்துறைமுக வீதி, திருகோணமலை
12.01.2025

மருமகன் இன்ஷாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் பஸ்மியாவும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். தோஹாவில் குளிர் என்று செய்தியில் சொன்னார்கள். காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களா?

மாமி கடிதம் எழுதுகிறாவே என்று ஆச்சரியப்படுவீர்கள். போன் எடுத்தால் நீங்கள் ஸலாம் சொல்கிறீர்கள், நான் பதில் ஸலாம் சொல்கிறேன், அதற்குப் பிறகு இரண்டு பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறோம். நீங்கள் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து ஒன்பது வருடம். நாம் நேருக்கு நேர் கதைத்ததை எழுதினால் கொப்பியில் அரைப் பக்கம் வராது. நம்முடைய ஆட்களில் மாமி மருமகன் மரியாதை அப்படி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டு ஐந்து அறைக்குத் தளபாடம் தெரிவு செய்ய ஏலாது. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிய கை இது, எழுத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது. எழுதியதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப பஸ்மியா பழக்கிவிட்டாள். "உங்கட ரெண்டு பேர்ட கதைக்குள்ள நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ட்யூட்டிக்குப் போய்விட்டாள்.

மேல்மாடியில் என்னுடைய அறை தவிர, வாடகைக்கு விடப்போகும் நாலு அறையும் பூச்சு முடிந்து காய்கிறது. கீழே விறாந்தைப் பக்கத்து அறையோடு ஐந்து. நீங்கள் அனுப்பிய தளபாடப் படங்களைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தேன். கட்டில் நிலத்தோடு நிலமாகக் கிடக்கிறது. அலுமாரிக்குக் கதவு இல்லை. போட மறந்துவிட்டார்களா, இல்லை அதுதான் இப்போதைய மோஸ்தரா? துறைமுகத்தைப் பார்க்க வருகிறவர்களை நிலத்தில் படுக்க விட்டோம் என்று ஊரில் கதை வரக்கூடாது.

அறைகள் ஓடத் தொடங்கினால் நீங்கள் ஒரேயடியாக வந்துவிடலாம் என்று பஸ்மியா கலண்டரில் கோடு போடுகிறாள். ஆகவே சுணங்காமல் பதில் போடுங்கள். விளங்கும்படி எழுதுங்கள்.

தொழுகைக்குப் பின் உங்களுக்காகக் கை ஏந்தும்
மாமி சுபைதா

•

தோஹா
19.01.2025

மதிப்புக்குரிய மாமிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கையெழுத்தைப் போனில் கண்டதும் எழும்பி நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த முஹம்மது தம்பி, யார் வந்தது என்று வாசலைப் பார்த்தான். அவன் கிண்ணியா ஆள், ஒரே அறையில் இருக்கிறோம். நான் சுகம். காதைக் கட்டுகிறேன்.

மாமி, நான் இங்கே ஒன்பதாவது ஹோட்டலுக்குத் தளபாடம் பூட்டுகிறேன். பூட்டிய கட்டில்கள் ஆயிரத்துக்கு மேல். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், வாய்க்கொழுப்பு என்று எடுக்க வேண்டாம்.

வருகிறவர்கள் இரண்டு நாள் தங்குகிறவர்கள். வீட்டில் குடியிருப்பவருக்கு அலுமாரி வேண்டும், அவர்களுக்கு வேண்டாம். கதவும் இழுக்கிற லாச்சியும் இருந்தால் சாமான்களை உள்ளே வைத்து மறந்துவிட்டுப் போவார்கள், பிறகு நாம் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். உடுப்புக் கொழுவ ஒரு கம்பி, பெட்டி வைக்கக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு வாங்கு, அது போதும்.

கட்டில் தாழ்வாக இருந்தால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும், படுத்த இடத்திலிருந்தே யன்னலால் கடல் தெரியும். மெத்தையோடு சேர்த்துப் பதினாறு அங்குலம் கணக்கு. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், மரத்தின் நிறம் தெரிய எண்ணெய்ப் பூச்சு போதும். துறைமுகத்து உப்புக் காற்றுக்கு இரும்பு ஆணி ஒரு வருடம் தாங்காது. பித்தளை ஆணிதான் என்று தச்சுப் பட்டறை ஸைனுலாப்தீன் நானாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கோபிக்க மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன். ஹோலில் உள்ள ஷோகேஸ், அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் பூ, தேத்தண்ணி செட், சோபா செட்டியின் மேல் இன்னும் கழற்றாத பொலித்தீன். இவற்றைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனப்பொருத்தத்தை எதிர்பார்க்கும்
இன்ஷாப்

•

திருகோணமலை
16.02.2025

மருமகனுக்கு,

ஸலாம். எனக்குக் கொஞ்சம் சளித் தடிமன், கொத்தமல்லி குடித்து மாறிவிட்டது. பஸ்மியாவுக்கு இந்தக் கிழமை இரவு ட்யூட்டி. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். அவளே தினமும் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

கிண்ணியாப் பாலம் தாண்டிப் பட்டறைக்குப் போனேன். ஸைனுலாப்தீன் உங்கள் அளவுத் தாளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது பாய்க்கும் கட்டிலுக்கும் நடுவில ஒரு சாமான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒன்று செய்து காட்டச் சொன்னேன். செய்து, மேல் அறையில் போட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டு றுக்கியா படுத்துப் பார்த்தா. மா ஆலைக்கு வந்த கோதுமைக் கப்பல் கால் பெருவிரலுக்கு மேலே நிற்கிறது என்றா. நானும் படுத்துப் பார்த்தேன். உண்மைதான், நிற்கிறது. மற்ற மூன்றுக்கும் ஓம் சொல்லிவிட்டேன். நோன்புக்கு முதல் முடித்துத் தருவதாகப் பேச்சு.

கதவில்லாத அலுமாரிக்கும் சம்மதம். பொலித்தீனைக் கழற்றிவிட்டேன். பதினான்கு வருடம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். செட்டியின் துணி இளம் பச்சை என்பதே எனக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

ஷோகேஸைப் பற்றி யோசித்தேன். அதைக் கீழ் அறைக்குள் தள்ளிவிட்டேன். அந்த அறையை இப்போதைக்குச் சாமான் அறையாக வைத்திருக்கிறேன். அதற்கும் தாழ்ந்த கட்டில்தானா? அளவை அனுப்புங்கள்.

நீங்கள் எழுதுவது எனக்கு விளங்குகிறது. வகுப்பில் இருந்திருந்தால் நல்ல புள்ளி போட்டிருப்பேன்.

மாமி சுபைதா

•

தோஹா
02.04.2025

மதிப்புக்குரிய மாமிக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்து இரண்டு நாள் பிந்திவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஆறு கிழமை பிந்தியதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை அதிகம். எழுத்து சரிந்திருக்கும், மடியில் வைத்து எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும்.

கீழ் அறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு மட்டும் வேறு அளவு. கட்டில் மெத்தையோடு இருபத்திரண்டு அங்குலம். கட்டிலின் இடப் பக்கம் சுவரோடு ஒட்டவேண்டும், இறங்குவது வலப் பக்கம். ஒரு கதிரை, இருக்கை உயரம் இருபது அங்குலம், கைப்பிடி முன்னுக்கு நீண்டு பலமாக இருக்கவேண்டும், குஷன் மெத்தென்று இருக்கக்கூடாது. நிலத்தில் விரிப்பு வேண்டாம். குளியலறைப் படியை உடைத்துச் சமமாக்கி, உள்ளே வலப் பக்கம் ஒரு கம்பி பூட்டச் சொல்லுங்கள். ஷோகேஸை அங்கிருந்து எடுக்கவேண்டி வரும், நடக்க இடம் வேண்டும்.

வயதான விருந்தாளி யாராவது வந்தால் உதவும் என்று நினைத்தேன். இந்த ஹோட்டல்களிலும் அப்படி ஓர் அறை வைப்பார்கள்.

ஜூன் மாதத்துக்கு முதல் முடிந்தால் நல்லது. அவசரம் என்று இல்லை.

இன்ஷாப்

•

திருகோணமலை
08.04.2025

மருமகன் இன்ஷாபுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம். நான் மிகவும் சுகம். எவ்வளவு சுகம் என்றால், இன்று காலை மட்டும் மேல்மாடிக்கு ஆறு தரம் ஏறி இறங்கினேன், கைப்பிடியைத் தொடாமல்.

உங்கள் அளவுகளை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. நான் படிப்பித்தவள், ஒருவர் ஒன்றைச் சுற்றிச் சொன்னால் எனக்கு விளங்கும். உயர்ந்த கட்டில், கைப்பிடிக் கதிரை, குளியலறைக்குக் கம்பி. மாமிக்கு வயது போகிறது, அவவுடைய மேல் அறையையும் வாடகைக்கு விட்டுவிட்டு அவவைக் கீழே இறக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். நேரே சொல்ல மரியாதை விடவில்லை, ஆகவே அங்குலக் கணக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் பொறுப்பேன். "வயதான விருந்தாளி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்த வீட்டில் நான் எப்போது விருந்தாளியானேன்?

நாலு கட்டிலும் வந்து இறங்கிவிட்டன. அழகாகத்தான் இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்த அன்றே அளவைப் பட்டறைக்கு அனுப்பியிருந்தேன், கீழ் அறைச் சாமான்களை ஸைனுலாப்தீன் தொடங்கிவிட்டாராம். பாலத்தடியில் வீதி வேலை நடக்கிறது. அது முடிந்ததும் போய் நிறுத்தப் போகிறேன். ஷோகேஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கும். நானும் மேல் அறையிலேயே இருப்பேன்.

பஸ்மியாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு ஏன் வீண் மனவருத்தம்.

சுபைதா

•

தோஹா
10.04.2025

மாமிக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து மனம் சரியில்லை. அல்லாஹ் அறிய, அது உங்களை நினைத்து எழுதியதல்ல. எழுதத் தெரியாமல் எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

கீழ் அறைக்கு எதுவும் செய்ய வேண்டாம். அதையும் மற்ற அறைகளைப் போலவே வாடகைக்கு விடுங்கள். நான் வருவது பிந்தும் போல இருக்கிறது, எப்போது என்று இப்போது சொல்ல ஏலாது. பஸ்மியாவிடம் நானே பக்குவமாகச் சொல்லுவேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷாப்

•

திருகோணமலை
27.04.2025

மகன் இன்ஷாபுக்கு,

ஸலாம். இன்றைக்கு என் சுகத்தை நீங்கள் கேட்க வேண்டாம். உங்கள் சுகத்தை நான் கேட்கிறேன், பொய் சொல்லாமல் பதில் எழுதவேண்டும்.

நேற்றுக் கிண்ணியாவுக்குப் போனேன், கீழ் அறைச் சாமான்களை நிறுத்த. கதிரையைச் செய்து முடித்து வாசலிலேயே வைத்திருக்கிறார் மனுசன். முதிரை மரம், நல்ல வேலை. இருந்து பாருங்கள் டீச்சர் என்றார். கோபத்தோடு அதில் ஏறி இருந்தேன். என்னுடைய கால் நிலத்தில் முட்டவில்லை. ஊஞ்சலில் இருக்கிற பிள்ளை மாதிரி இரண்டு காலும் தொங்கின. ஸைனுலாப்தீன் என் காலைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"இது உங்களுக்கெண்டு சொன்னவரா மருமகன்?" என்றார்.

"வயதான ஆளுக்கு" என்றேன்.

"கோவிக்காதீங்க டீச்சர். வயசான ஆளுக்கெண்டா ரெண்டு பக்கமும் கம்பி கேப்பாங்க. இவர் வலப்பக்கம் மட்டும் கேட்டிருக்கிறார். கட்டில்லயும் வலப்பக்கத்தால மட்டும் இறக்கம். இது இடக்கால் பழுதான ஆளுக்குச் செய்யிற அளவு. என்ட மச்சானுக்கு இடுப்பெலும்பு முறிஞ்ச நேரம் நான் இப்பிடித்தான் செஞ்சு குடுத்தனான். தாழ்வில இருந்தா அவங்களுக்கு எழும்ப ஏலாது. அதோட இந்த உயரம் நெடுத்த ஆளுக்குத்தான் சரி. உங்கட வீட்டில ஆரு நெடுவல்?"

நம்முடைய வீட்டில் யார் நெடுவல் என்று உங்களுக்குத் தெரியும். யன்னல் திரையைக் கதிரையில் ஏறாமல் மாட்டுகிறவர் ஒருவர்தான்.

பாலத்தில் பஸ் வரும்போது உங்கள் கடிதங்களைப் போனில் மறுபடி வாசித்தேன். பெப்ரவரிக்கு முதல் எழுத்து நேராக இருக்கிறது. ஏப்ரலில் சரிகிறது. ஜனவரியில் "எழும்பி நின்றுவிட்டேன்" என்று எழுதிய பிள்ளை, ஏப்ரலில் மடியில் வைத்து எழுதுகிறது. முப்பத்தொரு வருடம் கொப்பி திருத்தியவளுக்கு இது கண்ணில் படவில்லை. என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எந்த எலும்பு? எப்போது? யார் பார்க்கிறார்கள்? எல்லாவற்றையும் எழுதுங்கள். பஸ்மியாவுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. நாளைக்கு மறுநாள் வரை பொறுப்பேன். அதற்கு மேல் பொறுக்க மாட்டேன்.

கதிரை என் பக்கத்தில் இருக்கிறது. நேற்றே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமி

•

தோஹா
28.04.2025

அன்புள்ள மாமிக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் வந்தபோது முஹம்மது தம்பி வேலைக்குப் போயிருந்தான். நல்லதாயிற்று, நான் அழுததை அவன் பார்க்கவில்லை. இரண்டு மாதமாகச் சுமந்ததை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டீர்கள். இறக்கி வைக்கிறேன்.

பெப்ரவரி இருபத்திநாலு. ஏழாம் மாடியில் ஓர் அறையில் கட்டிலுக்கு மேலே தலைமாட்டுப் பலகை பூட்டிக்கொண்டிருந்தேன். ஏணி வழுக்கியது. மெத்தையில் விழுந்திருந்தால் தப்பியிருப்பேன். அழுக்குப் படும் என்று மெத்தையை அன்று காலை எடுத்து ஓரமாக வைத்தவன் நான்தான். இடது இடுப்பெலும்பு. இரண்டாம் நாளே ஒப்பரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நல்ல டொக்டர். நன்றாகப் பொருந்தி வருகிறது என்று போன கிழமை படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். இப்போது தடியோடு நடக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் தடியில்லாமல் நடக்கலாமாம். ஆனால் ஏணியில் இனி ஏறக்கூடாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலை என் டேப்பாலேயே அளந்தேன், இருபத்திரண்டு அங்குலம். அதிலிருந்து நானே எழும்பினேன். அறைக்கு வந்தால் இங்கே கட்டில் பதினைந்து. முஹம்மது தம்பி தூக்கிவிட்டால்தான் தொழுகைக்கு எழும்பலாம். தாழ்ந்த கட்டிலைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

பஸ்மியாவோடு கதைக்கும்போது கமராவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவள் நர்ஸ், என் தோளைக் கண்டாலே காலைக் கண்டுபிடிப்பாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கம்பெனி ஜூன் மாதம் என்னை ஊருக்கே அனுப்புகிறது. நீங்கள் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்த வீட்டுக்கு வந்த ஆள் நான். நம்முடைய ஊரில் எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான், உழைக்கும்வரை அதில் ஒரு கூச்சமும் தெரியாது. தடியோடு வந்து அந்த வாசலில் நிற்கத்தான் மனம் வரவில்லை. கீழ் அறையைக் கேட்கலாம் என்று நினைத்து, எனக்கு என்று எழுத வாய் வரவில்லை. விருந்தாளிக்கு என்று எழுதினேன். உங்களுடைய கோபக் கடிதம் வந்ததும் அதையும் விட்டுவிட்டேன். மூதூரில் என்னோடு கூடப் பிறந்த காக்காவின் வீட்டில் ஒரு மூலை கேட்டிருக்கிறேன்.

இப்போது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பஸ்மியாவிடம் நீங்களே சொல்லுங்கள் மாமி. என்னால் ஏலாது.

இன்ஷாப்

•

திருகோணமலை
01.05.2025

அன்பு மகன் இன்ஷாபுக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, நிம்மதி. கால்தானே. கால் பொருந்தும். ஆறு கிழமை கடிதம் வராதபோது நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத மாட்டேன். அதோடு பார்த்தால் இடுப்பெலும்பு சின்ன விஷயம்.

பஸ்மியாவிடம் சொன்னேன். "எக்ஸ்ரே எங்க?" என்பதுதான் அவளுடைய முதல் பேச்சு. பிறகு உங்களுக்கு ஏச்சு, எனக்கு ஏச்சு, ஸைனுலாப்தீனுக்கும் ஏச்சு. பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள். வெளியே வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். ஒரு மாதமாக அவள் அப்படிச் சாப்பிடவில்லை. நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று அவளுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது.

இனி வீட்டுக் கதை. வீட்டைப் பிள்ளைக்கு எழுதினோம், உண்மை. என் உம்மாவும் எனக்கு எழுதினா. அது பெண் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்கு, மாப்பிள்ளை வாசலில் நிற்கவேண்டும் என்பதற்கு அல்ல. கல்யாணம் பேசும்போது நாங்கள் பார்த்து எடுத்தது உங்களை, உங்கள் காலையோ சம்பளத்தையோ அல்ல. அந்தக் கோபக் கடிதத்தில் நான் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். "இந்த வீட்டில் நான் எப்போது விருந்தாளியானேன்" என்று கேட்டேனே, அதைக் கேட்டிருக்கவேண்டியவர் நீங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் மகன்.

மூதூர்க் காக்காவுக்கு நானே போன் எடுத்தேன். அந்த மூலையை வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

குளியலறைப் படியை நேற்று உடைத்தாயிற்று. கட்டில் அடுத்த கிழமை வருகிறது. ஷோகேஸை றுக்கியா பெரிய சந்தோஷத்தோடு எடுத்துப் போனா, பூவோடு சேர்த்து. விமானத்தில் தள்ளு கதிரை கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பஸ்மியா கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வருவாள்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்
மாமி

•

குசினி, நம் வீடு
14.07.2025

மகன் இன்ஷாபுக்கு,

ஸலாம். நீங்கள் கீழ் அறையில் இருக்கிறீர்கள், நான் பத்து அடி தள்ளிக் குசினியில் இருந்து எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். எழுத்தில்தான் எனக்கு வாய் திறக்கிறது.

நீங்கள் வந்து ஒரு மாதம். நேற்று பஸ்மியா ஒரு கதை சொன்னாள். மாமி என் முகத்தில் விழிக்காமல் பின்வாசலால் சுற்றிப் போகிறா, நான் வந்தது அவவுக்குப் பாரம் போல என்று நீங்கள் சொன்னீர்களாம். அட மகன். நான் ஹோலுக்குள் கால் வைத்தால் நீங்கள் கதிரையைப் பிடித்து, பல்லைக் கடித்து, எழும்பி நிற்கிறீர்கள். மாமிக்கு முன்னால் உட்கார்ந்து இருக்கக்கூடாது என்று உங்கள் உம்மா பழக்கிய பழக்கம். உங்களை எழுப்பக்கூடாது என்றுதான் நான் வெயிலில் சுற்றிப் போகிறேன். இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து உங்கள் இடுப்பையும் என் தலையையும் பழுதாக்கிவிடும். இனி எழும்ப வேண்டாம். இது கேட்டுக்கொள்வது அல்ல, சொல்வது.

இன்னொன்று. யன்னல் திறக்கவும் பஸ்மியாவிடம் கேட்கிறீர்கள். ஹோல் இன்னும் ஒழுங்காகவில்லை, புது நீட்டு மேசை இறக்கிய இடத்திலேயே நிற்கிறது, செட்டி பழையபடி சுவரோடு நிற்கிறது. நான் நாளைக்கு என் தங்கச்சியிடம் கிண்ணியாவுக்குப் போகிறேன், ஞாயிறு திரும்புவேன். முதல் ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். எது எங்கே என்று என்னிடமும் கேட்க வேண்டாம், அவளிடமும் கேட்க வேண்டாம். நீங்கள் வைத்தபடி இருக்கட்டும்.

மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள்.

மாமி

•

கீழ் அறை
18.07.2025, வெள்ளி பின்னேரம்

அன்புள்ள மாமிக்கு,

ஸலாம். மருந்து எடுத்தேன். நடை நன்றாக இருக்கிறது. உங்கள் தங்கச்சி வீட்டில் எல்லோரும் சுகம் என்று நினைக்கிறேன்.

ஹோலை மாற்றிவிட்டேன். ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்த இரண்டு பேரைப் பிடித்து நீட்டு மேசையை யன்னலடிக்குத் தூக்குவித்தேன். நடுவில் ஒன்றும் இல்லை, காற்று நேரே வருகிறது. செட்டியைச் சுவரை விட்டு முன்னுக்கு இழுத்து, துறைமுகத்தைப் பார்க்கத் திருப்பினேன். சுவரில் ஒட்டாத செட்டி உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

சரியாக மூன்று மணிக்கு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. கொழும்பிலிருந்து புருஷன், மனைவி, புருஷனுடைய உம்மா. திங்கட்கிழமை என்று நாம் எழுதி வைத்தவர்கள், இன்றைக்கு என்று நினைத்து வந்திருக்கிறார்கள். பஸ்மியா ட்யூட்டியில். நான் மட்டும்.

வாசலில் நின்றவர், "வீட்டு ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

மாமி கிண்ணியாவுக்குப் போயிருக்கிறா, மனைவி வேலைக்குப் போயிருக்கிறா, கொஞ்சம் பொறுங்கள். இப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்பது வருடமாக இந்த வாசலுக்கு யார் வந்தாலும் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஓம், நான் இருக்கிறன். உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருக்கு அது ஒரு சாதாரணப் பதில். எனக்கு அப்படி இல்லை. யாரிடமும் கேட்காமல் மற்ற யன்னலையும் திறந்தேன் மாமி, சந்தோஷத்தில். நேரே சொல்ல வாய் வராது என்பதால்தான் எழுதுகிறேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்க மாட்டேன்.

புருஷனுக்கும் மனைவிக்கும் மேல் அறை ஒன்றைக் கொடுத்தேன். கட்டிலைப் பார்த்து அந்த மனைவி நல்லது என்றா. உம்மாவுக்குப் படி ஏலாது, ஆகவே அவவுக்குக் கீழ் அறையைக் கொடுத்துவிட்டு நான் ஹோலில் செட்டியில் படுக்கிறேன். அது என் தீர்மானம், பஸ்மியாவிடம் கேட்கவில்லை. நாளைக்கு மத்தியானம் கணவாய்க் கறி கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கணவாய் வெட்டவே தெரியாது, பஸ்மியாவுக்கு நாளைக்கும் ட்யூட்டி.

ஆகவே ஞாயிறு வரை நிற்க வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே வாருங்கள் மாமி. நம் வீட்டில் நான் ஒரு ஆள் மட்டும் காணாது.

இன்ஷாப்